சப்பாத்திக்கள்ளிப் பழமும் சுணையும்

கேள்வி: ஊருக்குப் போயிருந்தபோது பிள்ளைகளுக்குச் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்தேன். துணிக் கையுறை போட்டிருந்தும் இரண்டு நாள் விரலெல்லாம் குத்தல். வீட்டிலேயே கருவி ஏதும் செய்துகொள்ளலாமா?

பதில்: நீள முள் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் ஒதுங்கிவிடுகிறோம். மாட்டிவிடுவது பழத்தோலில் பழுப்புப் பொட்டுகளாக இருக்கும் சுணைதான். முடி போல மெல்லியது, கொக்கிச் செதில் உள்ளது, தொட்டாலே கழன்று வந்துவிடும். துணியில் ஏறினால் லேசில் போகாது. அந்தக் கையுறையைத் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு விரல் பருமனில், உங்கள் கை நீளத்துக்கு ஒரு மூங்கில் போதும். நுனியிலிருந்து முதல் கணு வரை நான்காகப் பிளந்து, பிளவு மேலும் ஓடாதபடி கணுவுக்குக் கீழே சணலை இறுக்கிச் சுற்றுங்கள். பிளவுக்குள் சின்னக் குச்சியை ஆப்பாகச் செருகினால் நான்கு விரலும் விரியும். பழத்தை அதற்குள் விட்டு ஒரு திருகு திருகுங்கள், கையோடு வந்துவிடும். காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள், சுணை கண்ணில் விழும்.

அப்புறம் பழத்தை மணலில் போட்டு விளக்குமாற்றால் உருட்டித் தேயுங்கள். நான் அடுப்புத் தீயில் வாட்டுவேன். சுணை கருகிவிடும், அதுதான் நிம்மதி. பழத்தை முள்கரண்டியால் குத்திப் பிடித்து, இரண்டு முனையையும் வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டால் தோல் பாய் மாதிரி சுருண்டு வரும். கத்தியைத் துடைத்துவிட்டுச் சதையைத் தொடுங்கள். நடுவே நட்சத்திர முள் இருந்தால் அதையும் நோண்டி எறியுங்கள். சின்ன வயதில் இதற்கெல்லாம் எங்களுக்குக் கருவேல முள் ஒன்றே ஆயுதம்!

குத்திவிட்டதா? பல்லால் கடித்து இழுக்காதீர்கள், நாக்கில் ஏறும். இடுக்கியால் எடுக்க முடிந்ததை எடுங்கள். மிச்சத்துக்கு வெள்ளைப் பசை தடவி, மேலே மெல்லிய துணி ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் உரியுங்கள்.

மடலை ஒடிக்காமல் பழத்தை மட்டும் எடுங்கள். 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட செதில் பூச்சி தென்னிந்தியாவில் இந்தக் கள்ளியைப் பெருமளவு தின்று தீர்த்தது. மிஞ்சிய புதர்கள்தான் நமக்கு.

விதை கடினம். பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பழத்துக்கு மேல் வேண்டாம், மலம் கட்டும். சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறாதீர்கள், பழத்தின் சாயம்தான்.