பாட்டியின் பழைய பட்டுப் புடவையை வியாபாரியிடம் போடலாமா?

அவர் எதற்காக வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள். வாசலில் கூவி வருகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் சரிகை வெள்ளிதான், துணியை எரித்துவிடுவார்கள். அதனால்தான் எடைக்கு விலை.

அசல் சரிகையில் சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். முந்தானைப் பிசிறு ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள்: வெண்மை தெரிந்தால் வெள்ளியாக இருக்கலாம், செம்பு நிறம் தெரிந்தால் போலி. ஆனால் உள்ளே சிவப்பு நூல் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், போலியிலும் சாயம் ஏற்றுவார்கள்.

காஞ்சிபுரத்துக் கோர்வைக் கரையும் (புடவை உடலோடு தறியிலேயே கோர்த்து நெய்த வேறு நிறக் கரை), பிட்னி போட்டு இணைத்த முந்தானையும் (உடலின் பாவு நூலோடு வேறு நிறப் பாவு நூலைச் சேர்த்து நெய்தது) இருந்தால் சேகரிப்பாளரிடம் காட்டுங்கள். அதை எடைக்குப் போடுவது அநியாயம். நூறாண்டு கடந்திருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படியானால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.