வங்கியின் அறக்கட்டளையிடம் நிதி கேட்பது எப்படி? பென்னாகரம் வாசகருக்குப் பதில்

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஐந்து கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம் சார். 150 பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருடைய அப்பா அம்மா பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இருக்கிறார்கள். 2019-ல் டிரஸ்ட் பதிவு செய்தோம். டிரஸ்டுக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டும் இருக்கிறது. இதுவரை ஊர்க்காரர்களும் நண்பர்களும் கொடுத்த பணத்தில்தான் ஓடுகிறது. எங்கள் கணக்கு ஒரு தனியார் வங்கியில் இருக்கிறது. அதன் மேனேஜர், "எங்க பேங்க் ஃபவுண்டேஷன்ல கேட்டுப் பாருங்க" என்றார். யாரிடம், எவ்வளவு, எப்படிக் கேட்பது? தர்மபுரியில் ஒருவர், "20 லட்சம் வாங்கித் தரேன், எனக்குப் பத்து சதவீதம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். 20 லட்சம் வந்து அதில் 2 லட்சத்தை அவரிடம் கொடுத்தால், அதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? "கமிஷன்" என்று எழுத முடியாது. அப்படியானால் நோட்டுப் புத்தகம் வாங்கியதாகவோ பயிற்சி முகாம் நடத்தியதாகவோ ஒரு பொய் பில் வேண்டும். முதல் வருடமே பொய் பில்லோடு தொடங்கும் டிரஸ்டுக்கு இரண்டாம் வருடம் நிம்மதி இருக்காது. விண்ணப்பம் எழுதித் தருவதற்கு ஒருவருக்குக் கூலி கொடுப்பது வேறு விஷயம். அது பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே தொகை, பில் இருக்கும், உங்கள் சொந்த நிதியிலிருந்து போகும்.

இவரை விட மோசமான ஆட்களும் நம் பக்கம் சுற்றுகிறார்கள். "ஒரு கோடி சி.எஸ்.ஆர். பணம் (கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் பணம்) ரெடியா இருக்கு, நாற்பது லட்சத்தை ரொக்கமாத் திருப்பித் தரணும்" என்பார்கள். பெரும்பாலும் "ப்ராசஸிங் ஃபீஸ்" வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவார்கள். உண்மையிலேயே பணம் வந்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. 80ஜி ரத்தாவதில் தொடங்கி கிரிமினல் வழக்கு வரை போகும். எந்த வங்கி அறக்கட்டளையும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

சரி, உங்கள் மேனேஜர் விஷயத்துக்கு வருவோம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கிளையில் இந்தப் பணத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. முடிவு தலைமை அலுவலகத்தில், சி.எஸ்.ஆர். கமிட்டியில் நடக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய ஆண்டில் 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, தன் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் மாதிரித் தனியார் வங்கிகள் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. சில வங்கிகள் நேரடியாகக் கொடுக்கும்; சில தனியாக ஒரு அறக்கட்டளை வைத்து அதன் வழியாகக் கொடுக்கும்.

அரசு வங்கிகள் தனிச் சட்டங்களின் கீழ் அமைந்தவை என்பதால் இந்த 2 சதவீதக் கட்டாயம் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. முந்தைய ஆண்டு லாபத்தில் 1 சதவீதம் வரை நன்கொடை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஸ்டேட் வங்கி 2015-ல் எஸ்.பி.ஐ. ஃபவுண்டேஷன் என்று தனி அமைப்பே தொடங்கிவிட்டது. கூட்டுறவு வங்கி, கடன் சங்கம் என்றால் வழியே வேறு. அங்கே லாபப் பிரிவினையில் பொதுநலத்துக்கு ஒதுக்குவதுதான், தொகையும் சிறியது. நம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்னும் "அதியமான் பேங்க்" என்று சொல்லும் கிராம வங்கி, முதலில் பல்லவன் கிராம வங்கியாகி, அது பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து, 2019 முதல் சேலத்தைத் தலைமையகமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. ஆகவே அங்கே கேட்பதென்றாலும் தர்மபுரியில் முடிகிற வேலை இல்லை.

அப்படியானால் மேனேஜரால் என்ன பயன்? நிறையவே உண்டு. கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே 135-ஆம் பிரிவு சொல்கிறது. பென்னாகரத்தில் கிளை இருக்கிறது, கிளையிலிருந்து மையத்துக்கு இத்தனை கிலோமீட்டர், நான் நேரில் போய்ப் பார்த்தேன் என்று மேனேஜர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், சென்னையிலோ கரூரிலோ உட்கார்ந்து கோப்பைப் படிப்பவருக்கு அது பெரிய தைரியம். அவரை ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மையத்துக்குக் கூட்டிப் போங்கள். சால்வை, மேடை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் வரட்டும்.

இப்போது காகிதங்கள். 12ஏ, 80ஜி இருப்பது நல்லது. அவை தற்காலிகப் பதிவா, முறையான பதிவா, எந்த ஆண்டு வரை என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2021-க்குப் பிறகு எல்லாப் பழைய பதிவுகளையும் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பிக்காமலேயே இருக்கும் டிரஸ்டுகள் நம் பக்கம் ஏராளம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சில் மட்டும் 12ஏ, 80ஜி என்ற பெயர் போகாது. உங்கள் கடிதத்தில் சி.எஸ்.ஆர்.-1 பற்றி ஒன்றும் இல்லை. 2021 ஏப்ரல் முதல், கம்பெனியிடம் சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் எந்த டிரஸ்டும் கம்பெனி விவகார அமைச்சகத்தில் இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்து ஒரு பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் முதல் மேஜையைத் தாண்டாது. ஒரு டிரஸ்டியின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றும் போதும். தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் பதிவு எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு நிபந்தனை, இதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம். 2019-ல் பத்திரம் பதிவானது என்பது மட்டும் சாட்சி ஆகாது. அந்த மூன்று ஆண்டின் தணிக்கை அறிக்கை, வருகைப் பதிவேடு, பஞ்சாயத்துத் தலைவரோ தலைமையாசிரியரோ தந்த கடிதம், இவைதான் அனுபவத்துக்குச் சாட்சி. டிரஸ்டிகள் எல்லாரும் ஒரே வீட்டார் என்றால் அதையும் கவனியுங்கள். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் என்றால் கோப்பைப் பார்ப்பவர் முகம் சுளிப்பார். ஊரில் மதிப்புள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும், ஒரு பெண் டிரஸ்டியையும் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்த இடைத்தரகர் 20 லட்சம் என்று எதை வைத்துச் சொன்னார்? அவருடைய பத்து சதவீதத்தை வைத்துத்தான். நீங்கள் உங்கள் மையத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, மையத்துக்கு ஒரு ஆசிரியை, மாதம் 4,000 ரூபாய் மதிப்பூதியம், பத்து மாதம்: ஐந்து மையத்துக்கு 2 லட்சம். மாலை சுண்டலோ கேழ்வரகு அடையோ ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய், 200 நாள், 150 பிள்ளைகள்: 2,40,000. நோட்டு, புத்தகம் ஆளுக்கு 300 வீதம் 45,000. எல்லா மையத்தையும் சுற்றி வரும் ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000. அவருடைய பெட்ரோல் 25,000. கணக்கு எழுத, தணிக்கை செய்ய 20,000. கூட்டினால் 6,74,000. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 4,500 ரூபாய்.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் இந்த 4,500தான். கமிட்டியில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். உங்கள் கோப்புக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். "கிராமப்புறக் கல்வி மேம்பாட்டுக்கு 20 லட்சம்" என்றால் கேள்விகள் கிளம்பும். "ஒரு பிள்ளைக்கு 4,500 ரூபாய், 150 பிள்ளைகள், ஐந்து ஊர், பெயர்ப் பட்டியல் இணைப்பில்" என்றால் பேச்சு சீக்கிரம் முடியும். இதில் ஒரு பகுதியை, ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ, ஊரிலேயே திரட்டுகிறோம் என்று காட்டினால் இன்னும் நல்லது. நீங்கள் இத்தனை வருடம் அப்படித்தானே நடத்தியிருக்கிறீர்கள், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் தணிக்கைக் கட்டணத்தையும் பயந்துகொண்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதாமே" என்பார்கள். அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செலவிடும் பணத்துக்கான வரம்பு. உங்கள் திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கான சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் அது பொருந்தாது. அறக்கட்டளை தனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஆளில்லாமல் ஐந்து மையம் நடக்கும் என்று எழுதாதீர்கள், அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் தடவையே வேன், கட்டடம் என்று கேட்காமல் இருப்பது நல்லது. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. டிரஸ்டியின் சொந்தப் பட்டா நிலத்தில் கட்டடம் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை என்று யோசிப்பவர்களுக்குத் தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தனி வழியாக இருக்கிறது.

எப்போது கேட்பது? கமிட்டிகள் ஆண்டுத் திட்டத்தை ஏப்ரலுக்கு முன்பே பேசத் தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் உங்கள் கோப்பு அங்கே இருப்பது நல்லது. பிப்ரவரி கடைசியில் திடீரென்று போன் வந்து, "பத்து நாளில் கொடுத்தால் இந்த வருடமே தருகிறோம்" என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். செலவாகாத பணத்தை வேறு கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்ற வேண்டும் என்பதால் மார்ச்சில் எல்லா கம்பெனிக்கும் அவசரம். காகிதம் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அந்த அவசரம் லாபம்.

பணம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று வங்கியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும் என்பது விதி. அவர் பென்னாகரத்துக்கு வந்து பார்க்கப் போவதில்லை, உங்கள் வவுச்சரை நம்பித்தான் கையெழுத்துப் போடுவார். சுண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கொண்டைக்கடலை விற்கும் அம்மாவிடம் பில் கேட்டால் சிரிப்பார். அதற்காக மாதக் கடைசியில் ஒரு மளிகைக் கடையில் மொத்தமாக வெற்று பில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். வவுச்சர் எண், தேதி, எந்த மையம், எத்தனை கிலோ, என்ன விலை, விற்றவர் பெயர், ஊர், கையெழுத்து அல்லது கைரேகை, கீழே ஆசிரியை கையெழுத்து. அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்ற எண்ணை அதிலேயே ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள். வருகைப் பதிவேட்டோடு அது ஒத்துப்போனால் எந்த ஆடிட்டரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். இன்னும் எளிது வேண்டுமென்றால், ஊர் மகளிர் குழுவிடம் சுண்டல் பொறுப்பைக் கொடுத்து, குழுவின் வங்கிக் கணக்குக்கே மாதா மாதம் பணம் போடுங்கள்.

மதிப்பூதியத்தைக் கட்டாயம் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதை அறச்செலவாக ஏற்க மாட்டார்கள். 5,000-க்கு மேல் ரசீது என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். இந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் தலைவலி பாதி குறையும். நோட்டுப் புத்தகத்தில் 8,000 மிச்சமாகி, அதைப் பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டியிருந்தால், செலவு செய்வதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் செய்தால்தான் வம்பு. கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டர் யு.டி.ஐ.என். எண்ணோடு (ஆடிட்டரின் ஒவ்வொரு சான்றுக்கும் உரிய தனி அடையாள எண்) தர வேண்டும்.

அறிக்கையில் புகைப்படம் கேட்பார்கள். பிள்ளைகளின் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்ட ஒரு பெண் பிள்ளை உங்கள் மையத்தில் இருக்கலாம். நம் மாவட்டத்தில் அது அபூர்வமில்லை. அவள் கதை உருக்கமானது என்பதற்காகப் படத்தையும் பெயரையும் விண்ணப்பத்தில் போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் திணறிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஜூனில், எத்தனை பேர் மார்ச்சில் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள் என்று காட்டுங்கள். அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. பணம் மொத்தமாக வராது. பாதி முதலில், மீதி இடைக்கால அறிக்கைக்குப் பிறகு என்பதுதான் பொதுவான முறை. ஜூனில் பள்ளி திறக்கும், ஒப்பந்தம் ஆகஸ்டில் கையெழுத்தாகும், முதல் தவணை செப்டம்பரில் வரும் என்பதெல்லாம் சகஜம். ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய செலவை அந்தப் பணத்தில் காட்ட முடியாது. எனவே இரண்டு மூன்று மாதச் செலவுக்கான கைப்பணத்தை ஊர் நன்கொடையிலிருந்து ஒதுக்கி வையுங்கள். வங்கிப் பணம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் பழைய நன்கொடையாளர்கள் மெல்ல நழுவுவார்கள்; மாதம் 500 ரூபாய் தருகிற அந்த மளிகைக் கடைக்காரருக்கு வழக்கம்போல ரசீது போய்க்கொண்டே இருக்கட்டும். ஆறாவது ஊர்க்காரர்கள் வந்து மையம் கேட்டால், முதல் தவணை கணக்கில் ஏறிய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.