பால் கவர் மூட்டையைக் கடைக்காரர் திருப்பிவிட்டாரா?

ஆறு மாதமாகச் சேர்த்த பால் கவர் மூட்டையைப் பழைய பேப்பர் கடையில் "நாறுது, வேண்டாம்" என்று திருப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். குற்றம் கவரில் இல்லை, உள்ளே ஒட்டிக் காய்ந்த பாலில்தான் இருக்கிறது.

கவர் எல்டிபிஇ, அதாவது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். சூட்டில் உருகும், திரும்ப வார்க்கலாம். கழுவி, துண்டாக்கி, உருக்கிக் குருணையாக்குவார்கள். அது குப்பைப் பை, குழாய் என்று மறுபிறவி எடுக்கும். தமிழ்நாட்டின் 2019 பிளாஸ்டிக் தடையில் பால் கவருக்கு விலக்கு இருந்தது, நினைவிருக்கிறதா?

இருக்கும் மூட்டையை இரவு முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். இனிமேல் பால் ஊற்றிய கையோடு அலசிவிடுங்கள்; அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும். வெட்டும்போது நுனி கவரிலேயே ஒட்டியிருக்கட்டும். தனியாக விழும் அந்தக் குட்டித் துண்டு சாக்கடைக்குத்தான் போகும். (எங்கள் வீட்டில் இதற்கே தினமும் சண்டை!)

மூட்டையில் டெட்ரா பேக் பெட்டியும் இருக்கிறது என்றீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அட்டை, பாலிஎத்திலீன், அலுமினியம் மூன்றும் ஒட்டியது அது. பிரிக்கத் தனி ஆலை வேண்டும். சிப்ஸ் கவரும் கலக்கக் கூடாது.