வாளியால் அள்ளிய எண்ணெய்

(கடல் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, 27 ஆண்டுகள் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருவொற்றியூர்க்காரர் பதில் எழுதுகிறார்.)

*2017இல் எண்ணூர் கடலில் எண்ணெய் கொட்டியபோது கல்லூரிப் பிள்ளைகள் வாளியில் அள்ளிய படங்களைப் பார்த்தேன். சென்னை மாதிரி ஒரு ஊரில் அதை உறிஞ்ச ஒரு மெஷின்கூடவா இல்லை?*
— ஒரு மாணவி, தாம்பரம்

மெஷின் வந்ததும்மா. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். சாக்கடை அடைப்பு எடுக்கும் சூப்பர் சக்கர் லாரிகள் ஆர்.கே. நகர் குப்பத்துக்கு வந்து குழாயை இறக்கின. கொஞ்சம் தண்ணீர் ஏறியது. அந்தக் கறுப்புக் குழம்பு ஏறவே இல்லை.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கொட்டியது கனமான எரி எண்ணெய். கப்பலில் அதைப் பங்க்கர் என்போம். ஆறினால் தார் மாதிரி ஆகிவிடும். ஒரு டேங்கிலிருந்து அடுத்த டேங்குக்கு மாற்றவே நீராவிக் குழாய் விட்டு 40, 50 டிகிரிக்குச் சூடாக்குவோம். இன்ஜினுக்குள் போகும்போது 120 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த எண்ணெய் கடலில் நாலு நாள் கிடந்தால், அலை அடிக்க அடிக்கத் தண்ணீரையும் உள்ளே வாங்கிக்கொண்டு பல மடங்கு உப்பிப் பிசினாகிவிடும். சாக்கடைத் தண்ணீருக்குச் செய்த பம்ப் அதை எப்படி இழுக்கும்?

ஆனால் மெஷினைவிடப் பெரிய கோளாறு வேறு. ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்பதுதான் முதலில் வந்த செய்தி. அப்புறம் ஏதோ சில டன் என்றார்கள். கடைசியில் கணக்கு ஏறத்தாழ 196 டன்னில் வந்து நின்றது. முதல் நாள் சொல்லும் எண் சின்னதாக இருந்தால், கிளம்பி வரும் படகும் ஆளும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்போதே மிதவைத் தடுப்பு போட்டு வளைத்தால்தான் மெஷினுக்கு வேலை. கரை ஏறிவிட்டால் கைதான். நம் நாட்டின் எண்ணெய்க் கசிவுத் திட்டம் 700 டன் வரை உள்ள கசிவை முதல் நிலை, அதாவது சின்னது என்கிறது. அந்தச் 'சின்ன' கசிவுக்கே வாளி தூக்கினோம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். எண்ணெய் மெரினாவையும் தாண்டிப் போனது. எர்ணாவூர் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின் இடுக்கில் புகுந்தது அப்படியே தங்கிவிட்டது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் வேறு. கறுப்பு பூசி ஒதுங்கிக் கிடந்த ஆமையை அன்று பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் நிறையப் பேர் கையுறைகூட இல்லாமல் இறங்கியிருந்தார்கள். மாலையில் ஒரு பையன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிடித்து நிறுத்தினேன். மண்ணெண்ணெய் விஷத்தைத் தோலுக்குள் இன்னும் ஏற்றிவிடும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட வேண்டும். இதைச் சொல்லக்கூட அன்று அங்கே ஆளில்லை.

*பாறைகளைச் சுடுதண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமே? எண்ணெயைக் கரைக்கும் மருந்து தெளிக்கலாமே?*
— ஒரு வாசகர், கடலூர்

1989இல் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதியபோது சுடுதண்ணீர்க் கழுவலைச் செய்து பார்த்துவிட்டார்கள். பாறை பளிச்சென்று ஆனது. அதில் ஒட்டி வாழ்ந்த சிப்பியும் பாசியும் வெந்துபோயின. ஒப்பிட்டுப் பார்க்கச் சில இடங்களைக் கழுவாமல் விட்டிருந்தார்கள். உயிர்கள் முதலில் திரும்பியது அங்கேதான்.

மருந்து எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக்கித் தண்ணீருக்குள் இறக்கும், அவ்வளவுதான். எண்ணெய் எங்கேயும் போய்விடாது. கெட்டிப்பட்ட பங்க்கரில் அது வேலையே செய்யாது. கரையோர ஆழமில்லாத தண்ணீரில் தெளித்தால் நேராக மீன் முட்டைக்கும் இறால் குஞ்சுக்கும்தான் போகும். அள்ளுவதுதான் வழி. அள்ளியதை மணலில் புதைக்காமல் தனியே கொண்டுபோய், எண்ணெய் தின்னும் நுண்ணுயிர் கலந்து பக்குவப்படுத்த வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் மட்டும் கூட்டமாக இறங்காதீர்கள். மிதிக்க மிதிக்க எண்ணெய் சேற்றுக்குள் புதைந்துவிடும்.

*2025இல் கேரளத்தில் கவிழ்ந்த கப்பலின் பிளாஸ்டிக் குருணை எங்கள் கரைக்கும் வந்தது. நாளைக்கு எண்ணெயும் வரலாம். கப்பல்காரன் வெளிநாட்டுக்காரன். அவன் தப்பை நாங்கள் எப்படி நிரூபிப்பது?*
— ஒரு மீனவர், கன்னியாகுமரி மாவட்டம்

தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நஷ்டத்தைத்தான் நிரூபிக்க வேண்டும். கப்பல் எண்ணெய் கொட்டினால், யார் கவனக்குறைவு என்று பார்க்காமலே உரிமையாளர் பொறுப்பு என்பதுதான் சர்வதேச விதி. இந்தியா அதில் சேர்ந்திருக்கிறது. அதற்குக் காப்பீடும் கட்டாயம். தொகைக்குக் கப்பலின் அளவை வைத்து ஓர் உச்சவரம்பு உண்டு. மூன்று வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் அந்த எண்ணெய் விதிகளில் வராது. அதற்குப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையில்தான். அங்கே இழப்பீடு கேட்க ஐந்து வருஷம் அவகாசம். 2011இல் மும்பை அருகே நிலக்கரியோடு மூழ்கிய 'ராக் கேரியர்' கப்பலுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி 2016இல் உத்தரவிட்டது இதே தீர்ப்பாயம்தான்.

வெளிநாட்டுக்காரன் என்று பயப்பட வேண்டாம். கப்பலைக் கைது செய்யலாம். நீங்கள் சொல்லும் 'எல்சா-3' வழக்கில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. அதனால் அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் நிறுத்திவைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் காலம் ஆகும். அலாஸ்கா மீனவர்களுக்கு 1994இல் ஜூரி விதித்த 500 கோடி டாலர் தண்டத் தொகை, 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போய் ஏறத்தாழ 50 கோடியாகச் சுருங்கியது. காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோனார்கள்.

அதனால் எண்ணெய் ஒதுங்கிய அன்றே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வையுங்கள். இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, மீன்வளத் துறை ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி ஐஸ் பெட்டியில் வையுங்கள். பங்க்கர் ஏற்றும்போதே ஒரு சாம்பிளைச் சீல் வைத்துக் கப்பலில் வைத்திருப்போம், குறைந்தது ஒரு வருஷத்துக்கு. இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டால் எந்தக் கப்பலின் எண்ணெய் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு நோட்டு. எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள், என்ன மீன், ஏலத்தில் என்ன விலை, டீசல் எவ்வளவு என்று தினம் எழுதுங்கள், சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். நஷ்டம் இவ்வளவு என்று சொன்னால், "வழக்கமாக எவ்வளவு?" என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார். கப்பல் கவிழ்ந்த பிறகு எழுத ஆரம்பித்தால் அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. அதனால் நாளைக் காலை கரைக்கு வந்ததும், அன்றைய மீன்பாட்டை முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.