ஊசி நாளில் 160, சனிக்கிழமை 98: மைலோமா நோயாளியின் பிரஷரை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. எட்டு மாதமாக மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. திங்கட்கிழமைதோறும் போர்ட்டிசோமிப் ஊசி, அன்றைக்கே டெக்சாமெத்தசோன் 40 மில்லிகிராம், கூடவே லெனாலிடோமைடு. பத்து வருடமாக பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். ஊசி போட்ட இரவும் மறுநாளும் பிரஷர் 160, 165 என்று ஏறுகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். போன சனிக்கிழமை காலை படுக்கையிலிருந்து எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது பார்த்தால் 98. புது மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் கிழமைகளைக் குறித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் அவசரமான விஷயம். 160-ஐ விட இந்த 98தான் எனக்குக் கவலை தருகிறது. மைலோமா எலும்பை உள்ளிருந்து அரிக்கும் நோய். மற்றவர் விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துவிடுவார். உங்கள் அப்பா விழுந்தால் இடுப்போ முதுகெலும்போ முறியக்கூடும். ஆகவே இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து சனிக்கிழமை நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த வேளை மாத்திரையை அவரிடம் கேட்டபிறகு கொடுங்கள். நீங்களாக முடிவெடுத்து நிறுத்த வேண்டாம். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால், அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறும்.

திங்கள், செவ்வாயில் ஏன் ஏறுகிறது? டெக்சாமெத்தசோன் வீரியமான ஸ்டீராய்டு. ஒரே நாளில் விழுங்கும் அந்த 40 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் கணக்கில் 260 மில்லிகிராமுக்கும் மேல். ரத்தக்குழாய்களை அது இறுக்கமாக்குகிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது. அதன் தாக்கம் ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை நீடித்துத் தணியும். வாரம் முழுவதும் ஒரே அளவில் மாத்திரையைக் கூட்டினால், ஸ்டீராய்டு வடிந்த நாட்களில் அந்தக் கூடுதல் மாத்திரை ஏற்கெனவே இறங்கிய பிரஷரை மேலும் கீழே இழுக்கும். சனிக்கிழமை நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டைக் காலை உணவுக்குப் பிறகு சாப்பிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். அன்றிரவு கொஞ்சமாவது தூங்குவார்.

போர்ட்டிசோமிப்பும் இதில் சேர்கிறது. கால் விரல் மரத்துப்போவது, எரிச்சல் எடுப்பது எல்லாம் அது நரம்பைத் தொடுவதன் அடையாளம். எழுந்து நிற்கும்போது ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளையும் அது பாதிக்கும். அதனால் உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கையை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு நிற்க வைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்து செலுத்தக் குழாய் பொருத்திய கை இருந்தால், அந்தக் கையில் பட்டையைச் சுற்றாதீர்கள்.

புது மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குள் அம்லோடிபின் இருக்கும்; பழைய மாத்திரையும் சேர்ந்து அப்பா அதை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறார் என்றாகிவிடும். 'எச்' என்று இருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் நீர் மாத்திரை கலந்திருக்கலாம். அது உடம்பின் நீரை வெளியேற்றும், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். மைலோமாவில் இந்த இரண்டுமே வேண்டாத காரியம். எலும்பு கரைந்து கால்சியம் ஏறுவதும், நீர் வற்றிச் சிறுநீரகம் அடிபடுவதும் இந்த நோயில் ஏற்கெனவே உள்ள ஆபத்துகள். டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்லவைதான். ஆனால் ஆரம்பித்த ஓரிரு வாரத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். பிரஷர் பார்க்கும் மருத்துவரும் மைலோமா பார்க்கும் மருத்துவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போது இந்தப் பரிசோதனைதான் விட்டுப்போகிறது. ஒருவர் எழுதிக் கொடுப்பதை மற்றவரிடம் காட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் வகைகளை வீட்டிலேயே வைக்காதீர்கள். பிரஷரை ஏற்றும், மைலோமா செல்கள் சுரக்கும் புரதத்தால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வலி இருந்தால் பாராசிட்டமால் போதுமா, வேறு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலியை அடக்கிக்கொண்டு படுத்திருக்கவும் வேண்டாம். வலியே பிரஷரை ஏற்றும்.

அடுப்படியிலும் கொஞ்சம் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் குறைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பொட்டலத்தை நல்லதென்று நம்பி வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும். இருமலுக்கு அதிமதுரம் தட்டிக் கஷாயம் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் பிரஷர் ஏறும்.

இன்னொன்று. மைலோமா உள்ள சிலருக்கு, கோளாறான புரதம் உறுப்புகளில் படியும் அமிலாய்டோசிஸ் என்ற உபாதையும் சேர்ந்து வரும். பல வருடம் பிரஷர் இருந்தவருக்கு, ஊசி நாள் எதுவென்று பாராமல் அது தானாக இறங்கிக்கொண்டே வந்தால், மாத்திரையைக் குறைத்தும் தலைசுற்றல் போகாவிட்டால், 'பிரஷர் குணமாகிவிட்டது' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தப் புரதம் இதயத்திலும் நரம்பிலும் படிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிற்பாடு சிகிச்சை கார்ஃபில்சோமிப்புக்கு மாறினால், முதல் ஊசிக்கு முன்பே பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த மருந்து பிரஷரையும் ஏற்றும், இதயத்தையும் சோதிக்கும்.

மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 120-ஐயோ தாண்டி, அதோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு காலும் லேசாக வீங்கினால் அம்லோடிபினோ ஸ்டீராய்டோ காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் லெனாலிடோமைடால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதற்கும் அன்றைக்கே மருத்துவமனைதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கிழமை, ஊசி போட்டு எத்தனையாவது நாள், காலை மாத்திரைக்கு முன் உட்கார்ந்த எண், நின்ற எண், மாலை எண், அன்று சாப்பிட்ட மற்ற மாத்திரைகள், இவ்வளவும் ஒரே வரியில் வரட்டும். இரண்டு சுற்று ஊசிக்கு எழுதினால் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். ஊசி நாட்களுக்கு மட்டும் கூடுதல் மாத்திரை போதுமா என்பதை மருத்துவர் அதை வைத்து முடிவு செய்வார். அது வரை காலையில் அப்பா கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே எழட்டும். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.