தொழில் கேள்வி பதில்: வீடியோ பரவுவதற்கு முன்பே தயாராவது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை செய்து சென்னை, கோவைக் கடைகளுக்கு அனுப்புகிறோம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பாக்கெட்டில் பூச்சி இருந்ததாக வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றியது. அவர் வாய் திறப்பதற்குள் தீபாவளி ஆர்டர் பாதி போய்விட்டது. எங்களுக்கு அப்படி வந்தால் என்ன பேசுவது?

– வாசகி, காரைக்குடி

பதில்: பேச்சு இரண்டாவதுதான். கையில் விவரம் இல்லாததால்தான் பலரும் ஒரு நாள் முழுக்க வாயடைத்து நிற்கிறார்கள். எந்த நாள் சரக்கு, வேறு எந்தக் கடைகளுக்குப் போனது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். பேட்ச் எண்ணை (ஒரே தடவையில் செய்த சரக்குக்கான அடையாள எண்) பாக்கெட்டில் அடித்துவிட்டுப் பில்லில் எழுதாமல் விடுவது நம் பக்கம் சகஜம். அப்படி விட்டால் ஒரு பேட்சுக்காக மொத்தச் சரக்கையும் திரும்ப வாங்க நேரும். ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாக்கெட்டைத் தேதியிட்டு, காலாவதி நாள் தாண்டும்வரை எடுத்து வையுங்கள்.

14 இலக்க உணவு உரிமம், தண்ணீர்ப் பரிசோதனை, பூச்சி மருந்து அடித்த பில், ஆட்களின் மருத்துவச் சான்று எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஆய்வக அறிக்கை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற இடத்தினுடையதாக இருக்க வேண்டும். 2015 ஜூனில் வந்த மேகி நூடுல்ஸ் தடையை ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததற்கு, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லாததும் ஒரு காரணம். ஆனாலும் சரக்கு கடைக்குத் திரும்ப நவம்பர் ஆனது.

பேசுவது ஒரே ஆள்; அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர். குடும்பத் தொழிலில் சறுக்குவது இங்கேதான். அண்ணன் ஒன்று சொல்வார், மருமகன் ஒன்று சொல்வார், வேன் டிரைவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். போனை வேறு யார் எடுத்தாலும் இதை மட்டும் சொல்லட்டும்: “பெயரும் நம்பரும் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் ஆச்சியே கூப்பிடுவாங்க” என்று எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

முதல் அறிவிப்பை இப்போதே எழுதி, இடங்களை மட்டும் காலியாக விடுங்கள்: “எங்கள் … பாக்கெட் பற்றிய வீடியோவை இன்று … மணிக்குப் பார்த்தோம். … பேட்சை விற்க வேண்டாம் என்று கடைகளுக்குச் சொல்லிவிட்டோம். வாங்கியவர்கள் சாப்பிடாமல் வைத்திருந்து இந்த எண்ணுக்கு அழையுங்கள். அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு.” புதிதாக எதுவும் தெரியாவிட்டாலும் 6 மணிக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். “போட்டிக்காரர் சதி”, “மூன்று தலைமுறைப் பாரம்பரியம்” இரண்டும் வேண்டாம். பூச்சியைப் பார்த்தவருக்கு உங்கள் தாத்தா பெருமை எதற்கு? புகார் சொன்னவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அடுத்துச் சுற்றுவது அந்த நோட்டீஸ்தான்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கே செய்தி போகும். கடைக்காரர்கள் எல்லோரையும் இப்போதே சேமிக்கச் சொல்லுங்கள். வீடியோ வந்த அன்றைக்குப் பெரிய கடைகளுக்குப் போனில் நேராகப் பேசிவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காக்குவார். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அப்போதே எழுத்தில் கேளுங்கள். பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடிவு வரும் முன்னால் “தேறிவிட்டது” என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏதோ ஒரு பேட்ச் எண்ணைச் சொல்லி, அது போன கடைகளின் பட்டியலைக் கேளுங்கள். அரை மணிக்கு மேல் ஆனால் பில் எழுதும் முறையை மாற்றுங்கள்.

கேள்வி: நிருபரிடம் “இது அச்சுக்கு இல்லை” என்று சொல்லிவிட்டுப் பேசலாமா?

– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். செய்தி எத்தனை மணிக்கு அச்சுக்குப் போகிறது என்று கேட்டு, அதற்கு முன்னால் நாலு வரி எழுதி அனுப்புங்கள். எழுதியதில் இல்லாததை வாயாலும் சொல்லாதீர்கள்.