ரத்தத்தில் தெரியுமா கணையக் கட்டி?

கே: கடல் தொழிலுக்குப் போகும் என் கணவருக்கு (44) விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது. கருப்பட்டிக் காப்பி குடித்தால் தெளிகிறார். ஒருமுறை சர்க்கரை 46 இருந்தது. 'குரோமோகிரானின் ஏ' அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கணையத்தில் கட்டியா? நெஞ்செரிச்சலுக்கு தினமும் பான்டோபிரசோல் சாப்பிடுகிறார்.
– வாசகி, பாம்பன்

ப: அந்த ரிப்போர்ட்டை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். குரோமோகிரானின் என்பது சில வகைக் கட்டிகளில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். ஆனால் பான்டோபிரசோலே அதை ஏற்றிவிடும். சிறுநீரகக் கோளாறும் ஏற்றும். டாக்டரைக் கேட்டு, மாத்திரையை இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டு எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இன்சுலின் சுரக்கும் கட்டியில் அது சரியான அளவிலேயே இருப்பதும் உண்டு.

அவருக்கு வேண்டியது பட்டினிச் சோதனை. மருத்துவமனையில் சேர்த்து, அதிகபட்சம் 72 மணி நேரம் செய்வார்கள். வீட்டில் முயலவே கூடாது. சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கி, அறிகுறியும் தெரியும் நேரத்தில் எடுக்கும் ரத்தம்தான் முக்கியம். அப்போது மில்லிக்கு இன்சுலின் 3 மைக்ரோயூனிட், சி-பெப்டைட் (கணையம் இன்சுலினோடு சேர்த்துச் சுரக்கும் பொருள்) 0.6 நானோகிராம், அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வீட்டுப் பெரியவர்களின் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை மாற்றி விழுங்கியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதற்கான சோதனையும் சேர வேண்டும்.

பாம்பனில் ரத்தம் எடுத்து ராமநாதபுரத்துக்கு அனுப்பினால் கவனம். சாதாரணக் குழாயில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் தானாகவே குறையும். சிவப்பணு உடைந்தால் இன்சுலினும் குறைத்துக் காட்டும். ரத்த அணுக்களை உடனே பிரித்து நீக்கி, மீதித் திரவத்தைக் குளிரில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதுவரை அவர் தனியாகப் படகில் போக வேண்டாம்.